நெருங்கிய தொடர்பு: ஒன்று

“இது எங்க அப்பா இல்லை” என்றான் அண்ணன்.

மயான அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தன் போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். திரையில் ஒரு கிழவர். கண்கள் மூடியிருந்தன. கன்னத்திலிருந்து கழுத்து வரை வெள்ளை வெளேரென்று முள் தாடி. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் கேள்வியையே மறந்துவிட்டவர் போல வாய் லேசாகத் திறந்திருந்தது.

“நம்பர் சரியாத்தான் சார் இருக்கு. இருபத்தேழு. நல்லாப் பாருங்க. பன்னெண்டு நாள் படுத்தா யாருக்கும் முகம் மாறத்தான் செய்யும்.”

“எங்க அப்பாவுக்குத் தாடியே கிடையாதுங்க.”

அவள் அண்ணனுக்குப் பின்னால், தரையில் ஒட்டிய மஞ்சள் வட்டத்துக்குள் நின்றிருந்தாள். அடுத்த வட்டத்தில் அண்ணி, அதற்கடுத்ததில் சித்தப்பா. கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு கோடு. அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தபோது கம்பி அறுந்து அடித்த இடம்.

“அப்பாதான். புருவத்தைப் பாரு” என்றாள்.

அண்ணன் பார்த்தான். தலையை ஆட்டினான்.

“தாடி வச்சா அப்படியே எங்க அப்பா மாதிரியே இருக்காருய்யா” என்றார் சித்தப்பா. கடைசி வட்டத்திலிருந்து அவருக்குத் திரை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

எழுத்தர் ஜன்னலின் அடியில் இருந்த இடுக்கு வழியாக நான்கு படிவங்களைத் தள்ளினார். “ஆளுக்கு ஒண்ணு. சொந்தப் பேனாவா இருக்கணும், இங்க பேனா தர்றதில்ல. அஞ்சு பேர் போகலாம், நீங்க நாலு பேர்தான் இருக்கீங்க. உள்ள பத்து நிமிஷம். உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா பத்துன்னா பத்துதான்.”

படிவத்தை அவள் படிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதில் ஒரு வாக்கியம் அவளுடையது. நோய்த்தொடர்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கண்காணிப்பு அறையில் அவள் முதலாம் மேசை. மூன்று மாதங்களுக்கு முன்பு மேலிடத்திலிருந்து வந்த நகலில் ‘இறந்தவருக்கு அருகில் நான் இருந்ததில்லை’ என்று இருந்தது. அருகில் என்றால் எவ்வளவு அருகில் என்று கேட்டு அவள்தான் திருத்தினாள்: ‘இறந்தவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுவதற்கு முந்தைய பதினான்கு நாட்களில், அவருக்கு ஆறடிக்குள், ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை என்று உறுதி கூறுகிறேன்.’

அருகில் இருந்தவர்கள் நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஆகவே அவர்கள் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அருகில் இல்லாதவர்கள் மட்டுமே அடக்கத்துக்கு வரலாம். தடுப்பூசி வரும்வரை கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இடைவெளிதான் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார் அவர்களுடைய மேலதிகாரி. கூட்டத்தின் முடிவில் புதுத் தொற்று பூஜ்யம் ஆகணும், பூஜ்யம் ஆகணும் என்று மேசையைத் தட்டுவார். அறையில் அவருக்குப் பேரே பூஜ்யம் சார்.

“நான் தாராளமாப் போடுவேன்மா கையெழுத்து” என்றார் சித்தப்பா, படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. “அவரைப் பார்த்தே நாலு மாசம் ஆச்சு. போன்ல கூடப் பேசலை.” நல்ல மதிப்பெண் வாங்கியவர் போலச் சொன்னார்.

அண்ணி பேனாவை மூடாமல் யோசித்தாள். “தட்டு வைப்பேனே, அது கணக்குல வருமா?”

“எவ்வளவு நேரம் அண்ணி?”

“எங்க நேரம்? ஸ்டூல்ல வச்சுட்டு ரெண்டு தட்டு தட்டுவேன். அவர் எழுந்து வர்றதுக்குள்ள சமையல்கட்டுக்கு வந்துடுவேன்.”

“அப்ப வராது.”

அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

படிவத்தின் மேல்பகுதியில் கணினி அச்சடித்த விவரங்கள் இருந்தன. வயது, வார்டு, இறந்த நேரம் காலை ஆறு பத்து. வீட்டினரிடையே இரண்டாம் நிலைத் தொற்று: 0. அதற்கு மேல் வரியில், நெருங்கிய தொடர்புகள்: 1.

அவள் அந்த ஒன்றைப் பார்த்தாள்.

சொந்தக் குடும்பத்தின் கோப்பைத் திறக்கக் கூடாது என்பது அறையின் விதி. அப்பாவின் கோப்பு மூன்றாம் மேசை அக்காவிடம் போனது. பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு அக்கா அவள் காதில், அதாவது ஆறடி தள்ளி நின்று கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “கவலைப்படாதே. வீட்ல யாரையும் சொல்லலை.” அப்பா கெட்டிக்காரர் என்று அப்போது நினைத்தாள். வீட்டுக்கு முத்திரை விழாமல், அண்ணனின் டைல்ஸ் கடை மூடப்படாமல், தன் வேலை கெடாமல் காப்பாற்றிவிட்டார் என்று மனதுக்குள் அவரைத் தட்டிக்கொடுத்தாள். அவள் மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் கேள்வியிலிருந்தே அவர் அவளுக்காகத் தப்பித்துவிட்டார் என்று தோன்றியது.

ஒன்று யார்?

அவள் ஒதுங்கிப் போய் அக்காவுக்குப் போன் செய்தாள்.

“இந்த நேரத்துல உனக்கு எதுக்கு அது?” என்றாள் அக்கா.

“சொல்லுங்கக்கா.”

“சொல்லக் கூடாது. தெரியும்ல உனக்கு.” கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “ஒரு சலூன்காரர். பஸ் டிப்போவுக்கு எதிர்ச் சந்து. கடைகளை மூடச் சொன்ன பிறகும் பின்வாசல் வழியா வேலை பார்த்திருக்காரு. லைசென்ஸை ரத்து பண்ணிக் கடையோட சேர்த்து சீல் வச்சாச்சு, ஆள் உள்ளதான் இருக்காரு. ரெண்டு டெஸ்ட்டும் நெகட்டிவ். உங்க அப்பாவுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை.”

“அப்பா என்ன சொன்னார்? சொன்ன மாதிரியே படிங்க.”

அக்கா பெருமூச்சு விட்டாள். பிறகு அவர்கள் எல்லாருக்கும் பழகிய உயிரில்லாத குரலில் படித்தாள். “‘கடந்த பதினாலு நாள்ல யார் பக்கத்துல பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல உட்கார்ந்தீங்க?’ நோயாளி நெடுநேரம் யோசித்தார். ‘சலூன்காரர் ஒருத்தர்தான்.’ ‘வேற?’ ‘வேற யாரும் இல்லம்மா.’ ‘வீட்ல?’ ‘இல்லம்மா. நல்லா யோசிச்சுட்டேன்.’”

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“பூஜ்யம் சார் காலையில உங்க வீட்டைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தாரு” என்றாள் அக்கா, ஆறுதலாக. “எழுபது வயசு நோயாளி இருந்த வீடு, ஒருத்தருக்கும் பரவலைன்னு. நீ லீவு முடிஞ்சு வந்ததும் வீட்ல என்ன முறை வச்சிருந்தேன்னு ரெண்டு பக்கம் எழுதித் தரணுமாம். எல்லா வீட்டுக்கும் அனுப்பப் போறாங்க.”

முறை எளிமையானது. அதை எழுத இரண்டு பக்கம்கூட வேண்டாம். வீட்டிலேயே அதிகம் வெளியே போகிறவள் அவள், அதிக ஆபத்தில் இருப்பவர் அப்பா. ஆகவே தனிக் குளியலறையும் கொல்லைப்பக்கக் கதவும் இருந்த பின் அறை அப்பாவுக்கு. வாசலில் தரையில் மஞ்சள் நாடா. நாடாவுக்கு இந்தப் பக்கம் தட்டு வைக்க ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல், முட்டை வடிவில், சமையலறையில் நேரம் வைக்கும் மணி. யார் அப்பாவோடு பேசப் போனாலும் அதைப் பத்துக்குத் திருகிவிட்டுத்தான் பேசவேண்டும். பதினைந்து என்பது விதி. ஐந்து நிமிடம் அவளுடைய முன்னெச்சரிக்கை. யாருக்கு எது வந்தாலும் இந்த வீட்டில் யாரும் யாருக்கும் நெருங்கிய தொடர்பு ஆகிவிடக் கூடாது.

முதல் வாரத்தில் அப்பா மணியைப் பார்த்துச் சிரித்தார். “நான் என்ன, வேகுறேனா?” என்றார். பிறகு பழகிக்கொண்டார். எட்டாவது நிமிடத்திலேயே, “அடிக்கப் போகுது, நீ போம்மா” என்பார். கடைசி நாட்களில் மணியைத் திருகும்போதே எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

“மேடம்!” எழுத்தர் அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்து ஜன்னலைத் தட்டினார். “நீங்க அந்த டிபார்ட்மெண்ட்தானே? இந்த அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கேட்க மாட்டேங்கிறாங்க.”

கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். புறங்கையில், வீட்டை விட்டு வெளியே வரக் கூடாதவர்களுக்கு வைக்கும் நீல மை முத்திரை.

“இருபத்தாறாம் நம்பரோட சம்சாரம்” என்றார் எழுத்தர். “வீட்ல இருக்க வேண்டியவங்க.”

“பொய் சொல்லத் தெரியலம்மா எனக்கு” என்றாள் அந்தப் பெண். “எவ்வளவு நேரம் பக்கத்துல இருந்தீங்கன்னு போன்ல கேட்டாங்க. விட்டு நகரவே இல்லைன்னு சொல்லிட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேம்மா. தூரத்துல நிக்கிறேன்.”

அவள் வாயிலிருந்து வாக்கியம் தானாக வந்தது. மூன்று மாதமாக ஒரு நாளைக்கு நாற்பது முறை சொன்ன வாக்கியம். “உங்க நல்லதுக்காகவும் மத்தவங்க நல்லதுக்காகவும்தான் சொல்றோம். நீங்க உடனே வீட்டுக்குத் திரும்பணும். இல்லேன்னா நான் தகவல் கொடுக்க வேண்டி வரும்.”

அந்தப் பெண் அவளையும், பின்னால் நின்ற மூன்று பேரையும், கையில் இருந்த படிவத்தையும் பார்த்தாள்.

“நீங்க யாரைக் கொண்டு வந்திருக்கீங்க?”

“எங்க அப்பாவை.”

“அப்ப உங்களை எப்படி உள்ள விட்டாங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் தானும் அந்த வழியில் போகலாமே என்று கேட்டாள். பிறகு கம்பியை விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து போனாள். எதிர்ப்புற நடைபாதையில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து தெரிவது மதில்சுவர் மட்டும்தான்.

அவள் படிவத்தைச் சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

அந்நியர்களிடம் அவள் எப்படிக் கேட்பாளோ அப்படியே தன்னையும் கேட்டாள். கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போங்க. அவசரப்படாதீங்க. யாரைத் தொட்டீங்கன்னு கேட்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தருவாள், யார்கூட உட்கார்ந்தீங்கன்னு கேளு. தொட்டது மறந்துபோகும், உட்கார்ந்தது மறக்காது.

ஞாயிறு, ஆறு நிமிடம். சனி, போகவில்லை. வெள்ளி, கால் நகம் வெட்டிவிட முடியுமா என்று கேட்டார், கை நடுங்குகிறது என்றார், பார்க்கலாம்பா என்றாள், நான்கு நிமிடம். அதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் மின்சாரம் போயிருந்தது. மணியைத் திருக மறந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூஜ்யம் சார் மாதிரி மேசையைத் தட்டிக் காட்டினாள். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிறைய நேரம். அன்று நிச்சயம் நிறைய நேரம். அவள் போனை எடுத்தாள். அன்று அப்பாவின் அறைக்குப் போவதற்கு முன்பு பேசிய அழைப்பும், இடையில் வந்து அவளை எழுப்பிக் கூட்டிப்போன அழைப்பும் பதிவாகியிருந்தன. நாலு பத்து. நாலு இருபத்தொன்று.

பதினொரு நிமிடம்.

“என்ன பண்றே? எல்லாரும் போட்டாச்சு” என்றான் அண்ணன்.

கை நடுங்குகிறது என்றார். தம்ளரில் பாதி தண்ணீர் சிந்தும். அப்படியிருந்தும் அத்தனை வாரமும், ஊரில் ஒரு சலூன்கூடத் திறக்காத அத்தனை வாரமும், நாடாவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் முகம் மழமழவென்று இருந்தது. அதை அவள் தினமும் பார்த்தாள். ஊரில் யார் யாரோடு இருந்தார்கள் என்று போனிலேயே கேட்டுக் கண்டுபிடிக்கிறவள், ஒரு நாள் கூட, யாருப்பா சவரம் பண்ணிவிடறது என்று கேட்கவில்லை.

அவள் கையெழுத்திட்டாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அடக்கம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெள்ளை உடைக்காரர்கள் நான்கு பேர் பெட்டியை நாடாக்களில் இறக்கினார்கள். லிஃப்ட் இறங்குவது போல அது சமமாக, சத்தமில்லாமல் இறங்கியது. அப்பா பார்த்திருந்தால் வேலை சுத்தம் என்று சொல்லியிருப்பார். சிறிய மண்வாரி இயந்திரம் ஒன்று மூன்று தடவை முன்னும் பின்னும் போய் வந்தது. நான்கு பேரும் அவரவர் மஞ்சள் வட்டத்தில் நின்றார்கள். சித்தப்பா சத்தமாக அழுதார், முகக்கவசத்தைச் சரிசெய்ய இடையில் ஒருமுறை நிறுத்தினார்.

பிறகு மூன்று நிமிடம் மீந்தது.

வெள்ளை உடைக்காரர்கள் காத்திருந்தார்கள். அண்ணன் மணி பார்த்தான். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

“கிளம்பலாமா?” என்றான் அண்ணன்.

கிளம்பினார்கள்.

சித்தப்பா தன் ஸ்கூட்டரில் போய்விட்டார். அண்ணன் காரை ஓட்டினான், அண்ணி பக்கத்தில். அவள் பின்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் டிப்போ வந்தபோது நிறுத்தச் சொன்னாள்.

“இங்க எதுக்கு?”

“ஆபீஸ் வேலை. இப்ப வந்துடறேன்.”

“இன்னைக்குக் கூடவா!” என்றான் அண்ணன். அண்ணி அவன் கையைத் தொட்டு, விடுங்க என்றாள்.

சந்துக்குள் மூன்றாவது கடை. கண்ணாடிக் கதவின் குறுக்கே சிவப்புப் பட்டை. அவர்கள் அறையிலிருந்து போன அறிவிப்பு, கீழே பூஜ்யம் சாரின் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடி, மூலையில் சுருட்டிவைத்த பாய், மின் அடுப்பு. தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். குள்ளமான மனிதர். அவருடைய தாடியும் வளர்ந்திருந்தது.

“செக்கிங்கா? காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கு நல்லா வேலை செய்யுது. அடுத்த வீட்ல என்ன சமைக்கிறாங்கன்னு கூடச் சொல்லிடுவேன்” என்றார் எழுந்து வந்து. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் மெலிதாக வந்தது. பிறகு அவளுடைய கழுத்து அட்டையைப் பார்த்தார், கண்களைப் பார்த்தார். “அட, நீங்க லிஃப்ட்காரரோட பொண்ணு. புருவம் அப்படியே இருக்கு.”

“ஆமாங்க.”

“என் பேரைச் சொன்னது அவர்தானே? பரவாயில்லம்மா. வாய்ல சோப்பு நுரையை வச்சு அடைச்சாலும் அந்த மனுஷன் உண்மையைத்தான் சொல்லுவாரு. லைசென்ஸ்தானே, போனாப் போகுது. நானும் வேற வேலை எதுவும் தெரியாம இதையே முப்பது வருஷமாப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருக்கேன்.” சிரித்தார்.

“தினமும் வருவாரா?”

“ஒரு நாள் விட்டு ஒரு நாள். பின்வாசல் வழியா. மாட்டிக்கிட்டா பொண்ணுக்கு அசிங்கம், பொண்ணுக்கு அசிங்கம்னு சொல்லிக்கிட்டே வருவாரு. வராமலும் இருக்க மாட்டாரு.”

“எவ்வளவு நேரம் இருப்பார்?”

“உங்க ஆபீஸ்லயும் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. சவரம் ஆறு நிமிஷம்மா. முடிச்சுட்டு வெந்நீர்ல முக்கின துண்டை முகத்துல போடுவேன். போட்டதும் தூங்கிடுவாரு. அரை மணி, முக்கால் மணி. வேற ஆளும் கிடையாது, எதுக்கு எழுப்பணும்? இதோ, இந்த ஸ்டூலைப் போட்டுக்கிட்டு நானும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்.”

“என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். அவளுக்காக எதையாவது தேடிப் பார்த்தார்.

“இல்லம்மா. பேசவே மாட்டாரு.”

சந்தின் முனையில் அண்ணன் ஹாரன் அடித்தான்.

“சரி, அப்பா எப்படி இருக்காரு?” என்றார். “போன்ல தினமும் கேக்கறேன், யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க.”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவருடைய முகத்தின் மேல் அவளுடைய முகம் ஒட்டியிருந்தது. சொல்வதற்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. அதைச் சொன்னால் அவர் அழக்கூடும். இன்றைக்கு அப்பாவுக்காக ஒருவர் நிஜமாகவே அழுவதை நின்று பார்க்கவேண்டி வரும்.

“நோயாளிகளைப் பத்தின விவரத்தைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க” என்றாள்.

“புரியுது, புரியுது. உங்க வேலை அது.” அவர் தலையை ஆட்டினார். “வந்ததும் என்கிட்ட வரச் சொல்லுங்க. கடை இருக்கோ இல்லையோ, கத்தி இருக்கு. பன்னெண்டு நாள் ஆச்சு, காடு மாதிரி வளர்ந்திருக்கும். அவருக்கு அது அரிக்கும், தாங்க மாட்டாரு.”

“சொல்றேன்.”

“போங்கம்மா, கார் காத்துக்கிட்டிருக்கு.”

அவள் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பின் அடியில் தேதியைப் போட்டு, அறிகுறிகள் இல்லை என்று எழுதினாள். காருக்குத் திரும்பியதும் கைகளில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டாள். அண்ணன் முன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

“யார்கிட்ட பேசிட்டு வர்றே? எவ்வளவு நேரம் நின்னே?”

“பத்து நிமிஷம் கூட ஆகலை” என்றாள்.

கார் பின்னோக்கி வந்து திரும்பியது. சந்தின் உள்ளே, சிவப்புப் பட்டைக்கு அந்தப் பக்கம், அவர் நாற்காலியின் கைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை சாய்க்கும் இடத்தைத் துடைத்தார். பிறகு நாற்காலியைச் சுற்றி, தெருவைப் பார்த்த மாதிரி திருப்பி வைத்தார்.